மேற்படி பிராணி குறித்து மாமா எழுதுவது

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த அக்கா மகளுக்கு, மாமா அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். உன் சுகத்தையும் உன் ஆராய்ச்சியின் சுகத்தையும் அறிய ஆவல். பின்னது சுகமாக இல்லை என்பது நீ என் ஃபோனை எடுக்காததிலிருந்தே தெரிகிறது. ஆகவே கடிதம்.

நடந்தது என்ன என்று முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி. மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் உள்ள பாசத்தை அளக்க வெளிநாட்டில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, அதைத் தமிழாக்கித் தாருங்கள் மாமா என்று கேட்டது நீதான். தலை நரைக்கும்வரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்று உட்கார்ந்த இடத்தில் முடித்துக் கொடுத்தேன். நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்ப்பார், இரண்டையும் ஒப்பிடுவோம் என்றாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண்மணி திருப்பி மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, "இது எந்த கோர்ட் கேஸ்? நாய் வாதியா, பிரதிவாதியா?" என்று உன்னைக் கேட்டாராம். "மாமா, நாய் மேல இருக்கற பாசத்தத்தான் கேக்கறோம். நாய் மேல கேஸ் போடல" என்று நீ ஃபோனில் கத்தினாய். வேறு நடையில் திருத்தி எழுதச் சொன்னாய். எழுதியிருப்பேன். அதற்குள் முதல் பிரதியை நகல் எடுத்துவிட்டேன். அவ்வளவு காகிதத்தையும் குப்பையில் போட எனக்கு மனம் வருமா, நீயே சொல்.

சரி, எடுத்த நகலை நம் கட்டடத்திலேயே கொடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். இங்கே ஒரு பழுப்பு நாய் உண்டு. யாருடைய நாய் என்று கேட்டால் யாருடையதும் இல்லை, ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும் அங்கே நிற்கும். கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் போனேன். "மேற்படி பிராணியைத் தொடுதல், தடவுதல், அணைத்தல் ஆகிய செய்கைகளில் தாங்கள் ஈடுபட்டதுண்டா? உண்டெனில் எக்காலம் முதல்?" என்ற கேள்வியைப் படித்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாய் அவர் கால் மேலேயே தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "இது யாருன்னே தெரியாது சார். வழி தவறி வந்திருக்கும்" என்றார். மாடியில் தையல்காரம்மா. மிச்சத் துணியில் அதற்குக் குளிருக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டதே அந்தம்மாதான். "பிறரிடம் கூறாத இரகசியங்களை மேற்படி பிராணியிடம் வெளியிட்டுள்ளீர்களா?" என்பதற்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்ன சொன்னேன்? யாரு போய்ச் சொன்னாங்க?" என்று என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது. குற்றவாளி ஒப்புக்கொண்டது போலத்தான் இருந்தது.

உன் அத்தைக்கும் அந்த நாய்க்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். அது வாசலில் வந்து நின்றால், "வந்துட்டார் துரை" என்று துடைப்பத்தைத்தான் தேடுவாள். "மேற்படி பிராணியைத் தங்கள் குடும்ப உறுப்பினராகக் கருதுகிறீர்களா?" என்ற கேள்விக்கு, "குடும்பத்துல இருக்கறதப் பாத்துக்கவே நேரம் போதல, இதுல இது வேறயா" என்று சொல்லிவிட்டு, எல்லாக் கேள்விக்கும் ஒரே கோடாக 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் இழுத்துவிட்டாள். நானும் அப்படியே. எனக்கு அதனிடம் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லப்போனால் கட்டடத்தில் ஒருவர்கூட வேறு மாதிரி எழுதவில்லை. இரண்டும் கெட்டானாக நடுவில் இருந்த பதிலை, 'தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது' என்று நான் தமிழாக்கியிருந்தேன், அதில்கூட யாரும் கை வைக்கவில்லை. முடிவை ஃபோனில் சொன்னதும், "மாமா, பல்லிக்கும் மனுஷனுக்கும் அளந்தாக்கூட இத விட ஜாஸ்தி வரும்" என்றாய். அதுதான் நீ கடைசியாக என்னோடு பேசியது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தாளின் அடியிலும், 'மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரையில் உண்மை' என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தேன். எல்லோரும் போட்டும் கொடுத்தார்கள். யார் பேரையும் எழுதி வாங்கக் கூடாது, பதில்களை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் கட்டடச் செயலாளர் வெளியார் ஆவாரா? மூன்றாம் மாடியில்தானே இருக்கிறார். அவருடைய புதுக் கால்மிதியை அந்த நாய் கடித்துக் குதறிய நாளிலிருந்து அவர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? தாள்கட்டை என்னிடம் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப நாய் யாருக்கும் வேண்டாம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டே கொடுத்துட்டாங்க. ரொம்ப உபகாரம் சார்" என்று என் கையைக் குலுக்கினார். மறுநாளே மொத்தக் கட்டும் நகராட்சிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை நாய் பிடிக்கிற வண்டி வருகிறது. கொண்டுபோனால் திரும்பி வராது.

இப்போது மாடிப்படியில் ஒவ்வொருவராக என்னை ஓரங்கட்டுகிறார்கள். "அந்தப் பேப்பரத் திருப்பி வாங்க முடியாதா?" என்று பல் டாக்டர் காதோடு கேட்கிறார். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போகிறார். செயலாளரிடம் நேரே போய்ச் சொல்லுங்களேன் என்றால், பொய்ச் சாட்சி சொன்னதாகிவிடாதா என்று எல்லோருக்கும் பயம். நான் எழுதிய தமிழ் அப்படி. வாழ்நாளில் என் எழுத்தை யாரும் இவ்வளவு மதித்ததில்லை என்று ஒரு கணம் பெருமைப்பட்டதையும் மறைக்கவில்லை.

ஆகவே அம்மாடி, எனக்கு நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். மேற்படி தாள்கள் வெறும் வெள்ளோட்டம், செல்லாது என்று உன் பல்கலைக்கழக முத்திரையோடு செயலாளருக்கு ஒரு கடிதம் போடு. பாசத்தினால் கேட்கிறேன் என்று நினைக்காதே, நியாயத்துக்காகக் கேட்கிறேன். இரண்டாவது, இந்த மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து என்னை விடுவித்துவிடு. எனக்கும் பிராணிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் வேண்டாம்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு. உன் ஆராய்ச்சி நல்லபடி முடிந்து நீ பேரும் புகழுமாய் இருக்க வேண்டுமென்று மனதார வாழ்த்தும்,

உன் மாமா.

பின்குறிப்பு: கடிதம் எதுவும் போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் வண்டி வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு முன்பே நகராட்சி வந்ததை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "ஓனர் யாராவது இருக்கீங்களா?" என்று டிரைவர் கேட்டார். எல்லோரும் பால்கனியில் நின்றோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாயோ, கூப்பிட்டதும் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதற்கு எல்லோரும் சொந்தம். அப்போது பார்த்தால் உன் அத்தை கீழே போய்க்கொண்டிருக்கிறாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பின்பக்கம் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் இறங்கச் சொன்னார், செயலாளர் தாளில் அவள் போட்ட கையெழுத்தைக் காட்டினார். அவள் அசையவில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். "என்ன சார், ரெண்டும் உங்களுதா?" என்றார் டிரைவர். மூச்சு வாங்கியது, தலையைத்தான் ஆட்ட முடிந்தது. "தலைய ஆட்டினா மாடியில இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் உன் அத்தை, உள்ளேயிருந்து.

சொன்னேன்.