அரை இன்ச்சுக்காரரின் அடுப்படி

உலகத்தில் நேராக இருக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பிய ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருந்தார். அது அவருடைய சட்டைப் பையில் இருந்த இரும்பு ஸ்கேல். மற்றதெல்லாம், நான் உட்பட, அரை இன்ச்சு தள்ளி இருந்தோம்.

சிங்காநல்லூரில் குளத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. அவர் முப்பது வருஷம் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் அரை இன்ச்சுக்காரர்.

புதுமனை புகுவிழாவுக்கு அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை நடந்திருக்கிறது. கூப்பிட்டால் வருவார், பாயசம் குடிப்பார், பிறகு சுவரில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடுவார். "அருமையான ஊடுங்க. இந்தச் செவுரு மட்டும் அரை இன்ச்சு சாஞ்சிருக்குதுங்க. ஒண்ணும் பயமில்லீங்க, இப்போதைக்கு உளுகாது" என்பார். அந்த வீட்டுக்காரர் அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடியே சாப்பிடுவார்.

ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் மேடை ஏறினார். "ஏனுங் மாப்ள, இப்படி ஒரு அரை இன்ச்சு நவுந்து உக்காருங்க... ஆங், இப்பக் கட்டுங்க" என்றார். மாப்பிள்ளை நகர்ந்தார். நல்ல நேரம் அதுவரை காத்திருந்தது. நான் கணிதப் பேராசிரியராக ஓய்வு பெற்ற அன்று, கல்லூரி முதல்வர் எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கும்போதே இவர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, பின்னால் தொங்கிய பேனரின் இடது மூலையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்தப் புகைப்படத்தில் நான் பாதி, அவருடைய முதுகு முழுசாக.

அவர் குறை சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவிநாசித் தேர் அசைந்து வரும்போது ஒரு கண்ணை மூடி மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "சரியா இருக்குதுங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவரையும் அவர் மனைவி சரசம்மாவையும் என் காரில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சரசம்மாவுக்குப் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பும்போது அரை இன்ச்சுக்காரர் எங்கள் தெரு வரும்வரை எந்தக் கட்டடத்தையும் குறை சொல்லவில்லை. பின்சீட்டிலிருந்து சரசம்மாதான் பேசினார்.

"சார், தெருவுல ஆருக்கும் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா ஆளாளுக்கு 'அய்யோ பாவம்'னு கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி உடுவாங்க. எனக்கு அது ஆகாதுங்க."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

எங்கள் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் அரிசிம்பருப்புச் சோறு சரசம்மா கையால்தான் நடக்கும். அது நின்றுபோனது. அடுப்பிலிருந்த வடைச்சட்டியின் காதைத் தவறாகப் பிடித்து ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அரை இன்ச்சுக்காரர் சமைக்க ஆரம்பித்தார். கத்திரிக்காயை ஸ்கேல் வைத்து நறுக்கினார். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. ருசியும் ஒரே அளவு, அதாவது ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எங்கள் குடியிருப்போர் சங்கம் அந்தப் போட்டியை அறிவித்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள், கூலிக்கு ஆள் வைக்காமல், சொந்தக் கையால் அடுப்படியைப் புதுப்பிக்க வேண்டும். நடுவர்கள் மூன்று பேர். வீட்டு அலங்காரம் பற்றி இணையத்தில் எழுதி வீடியோ போடும் ஒரு பெண், அதே தொழிலில் இருக்கும் ஒரு தம்பி, மூன்றாவதாகத் தெருவில் அதிகம் படித்தவன் என்று நான். எனக்கு அலங்காரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலண்டரை எந்த ஆணியில் மாட்டுவது என்பதுதான். அதிலும் அரை இன்ச்சுக்காரருக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

போட்டிக்கு முதல் நாள் அவர் வந்தார்.

"சார், நானும் பேரு குடுத்திருக்கறனுங்க."

"தெரியும். ஆனா பரிசெல்லாம் அந்த ரெண்டு பேரு கையிலதானுங்க இருக்குது."

"பரிசு ஆருக்கு வேணும்? இருவது நாளு உக்காந்து அவளுக்கு ஏத்தாப்புல செஞ்சுபோட்டேன். ஆனா அவ உள்ள வரமாட்டீங்கறா. 'கண்ணு தெரியாதவ அடுப்படின்னு பாத்தவுடனே தெரியுது'ங்கறா. நாலு பேரு முன்னால நீங்க 'நல்லா இருக்குது'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவ தைரியமா அடுப்பப் பத்த வெப்பாளுங்க. ஒரே ஒரு வார்த்தைங்க சார்."

"இதென்னங்க பெரிய விஷயம்" என்றேன்.

மறுநாள் முதல் வீட்டில் சுவர் முழுக்கப் பளிங்கு மாதிரி ஸ்டிக்கர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இட்லிக் குண்டாவின் ஆவி பட்டு அது மெதுவாக உரிந்து, வீட்டுக்காரரின் தலையில் போர்வையாக விழுந்தது. இரண்டாவது வீட்டில் எல்லாம் வெள்ளை. தொட்டிச் செடிகள் நான்கு. கடுகு தாளித்த அடையாளம் எங்கேயும் இல்லை. "இங்க ஆருங்க சமைப்பாங்க?" என்று கேட்டேன். "மாமியார் ஊட்டுல இருந்து கேரியர் வருமுங்க" என்று பதில் வந்தது. பிளாகர்கள் இருவரும் பத்துக்கு ஒன்பது போட்டார்கள்.

மூன்றாவது அரை இன்ச்சுக்காரர் வீடு. வாசலில் கால் வைத்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். ஊரையே நேராக்கிய மனிதரின் அடுப்படியில் ஒன்றுக்கொன்று பொருந்துகிற பொருள் ஒன்றுகூட இல்லை. ஒரு கதவுக்குப் பித்தளைப் பிடி, அடுத்ததற்குக் கயிறு, அதற்கடுத்ததற்கு ஒரு மரக்கட்டை. ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேடையின் விளிம்பு நெடுக, பவானி ஜமக்காளத்தை வரி வரியாகக் கிழித்து ஒட்டியிருந்தார். டப்பா மூடிகளில் ரப்பர் வாஷர்கள். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, மிளகாய்த் தூளுக்கு மூன்று. அடுப்புக் குமிழ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு திருகாணியின் தலை.

எனக்கு எல்லாம் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி நடந்தால் அது ஒரு தேர் மாதிரி சரியாக இருக்கும்.

"அங்கிள், கலர் எதுவுமே ஒண்ணோட ஒண்ணு சேரலீங்களே" என்றது அந்தப் பெண்.

"ஹேண்டில் எல்லாம் வேற வேறயா இருக்குது. கண்ணுக்கு உறுத்துதுங்க" என்றார் தம்பி.

"இருக்குமுங்க கண்ணு" என்றார் அரை இன்ச்சுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சரசம்மா மேடையின் விளிம்பில், அந்த ஜமக்காள வரியின் மேல் கை வைத்து நின்றிருந்தார். அந்தப் பெண் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ப்ரொஃபஸர் சார் என்ன சொல்றீங்க?" என்றது.

வாழ்நாளில் என்னை யாரும் வீடியோ எடுத்ததில்லை. இனி எழுதுவது அழகாக இருக்காது. எனக்குச் சிரிப்பு வாங்க வேண்டும் போல இருந்தது.

"இவர் ஊர்ல இருக்கற செவுத்தையெல்லாம் அளந்து முடிச்சிட்டுச் சொந்த ஊட்டுக்கு வர்றதுக்குள்ள ஸ்கேல் தொலஞ்சு போச்சுங்க" என்றேன்.

தெருவே சிரித்தது. "சார், செம" என்றது அந்தப் பெண். அரை இன்ச்சுக்காரரும் சிரித்தார். சரசம்மாவின் கை மட்டும் விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கியது. நான் பத்துக்கு நான்கு போட்டேன். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினேன் என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். பொய். நல்லா இருக்குது என்று சொல்ல எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அவர் வீட்டில் சுத்தியல் சத்தம். எட்டிப் பார்த்தால், ஜமக்காள வரிகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு வேண்டாமாமுங்க சார். நேரா, மத்தவங்க ஊட்டுல இருக்கற மாதிரி இருந்தாப் போதுங்கறா" என்றார். உரித்த வரிகளை ஒரே அளவாகச் சுருட்டி அடுக்கினார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. "வெயில் ஏறிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அவர்கள் இருவரும் பவானியிலிருக்கும் மகள் வீட்டோடு போவதென்று முடிவானது. கிளம்பும் நாளன்று திருப்புளியும் பசையுமாக என் வீட்டுக்கு வந்தார். கேட்காமலே அடுப்படிக்குள் போய், கேஸ் குமிழ் ஒவ்வொன்றிலும் அணைக்கும் இடத்துக்கு நேராக ஒரு சின்ன வாஷரை ஒட்டினார்.

"என்னங்க இது, கருப்பா, அசிங்கமா?"

"இருக்கட்டுமுங்க சார். அன்னைக்கு எங்கூட்டுல காப்பி குடிச்சுப்போட்டு டம்ளர டேபிளுக்கு அரை இன்ச்சு வெளிய வெச்சீங்க. நாந்தான் புடிச்சேன். டாக்டருகிட்டக் கண்ணக் காட்டிக்குங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்று கோபமாகச் சொன்னேன்.

"நல்லாத்தானிருக்கோணும். வாரனுங்க" என்றார்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. எங்கள் தெருவே கோணிக்கொண்டு கிடக்கிறது. கேட்டுகள் சாய்ந்திருக்கின்றன, பிள்ளையார் கோயில் மணி ஒரு பக்கமாகத் தொங்குகிறது, சொல்ல ஆளில்லை. புதுமனை புகுவிழாக்களில் பாயசம் குடித்துவிட்டு எல்லோரும் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். சில சமயம் நானே சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியாததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் டாக்டர் எனக்கும் அதே வார்த்தையைச் சொன்னார்: பக்கப் பார்வை.

மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் நானேதான் காப்பி போட்டுக்கொள்கிறேன். குமிழைத் தேடும்போது விரலுக்கு அந்த வாஷர் தட்டுப்படும். அடுப்பை அணைத்த பிறகும் அதன் மேலேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன்.

போன வாரம் பவானிக்கு போன் செய்தேன்.

"ஏனுங் சார், சௌக்கியமுங்களா?" அதே குரல். "வாஷர் இருக்குதுங்களா? மூணாவது குமிழுல அரை இன்ச்சு தள்ளி ஒட்டிப்போட்டனோன்னு எனக்கு ஒரே ரோசனைங்க."

"இல்லீங்க. சரியா இருக்குது" என்றேன். பிறகு, இந்தப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். இப்பத்தான் அவ கண்ணப் பத்தி எல்லாத்துக்கும் தெரியுமே" என்றார். அதற்கும் பிறகுதான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

"அன்னைக்கு உங்க அடுப்படி நல்லா இருந்துச்சுங்க. நான் சொல்லாம உட்டுட்டேன்."

மறுமுனையில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் கூப்பிடுவது கேட்டது. "சரசு, இங்க வா. சார் உங்கிட்ட என்னமோ சொல்லோணுமாம்."

சரசம்மா நடந்து வரும் ஓசைக்காகக் காத்திருந்தேன். வந்ததும், முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.