தாய்மாமன் பார்த்த மான்

கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொன்னது மேனேஜர். காரணம் பூவராகவன்.

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்தாற்போல உலைக்கு முன்னால் நின்றுவிட்டு, விடிகிற நேரத்தில் முகம் கழுவ வெளியே வந்தார். பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால், பழுப்பாக, வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று துள்ளி ஓடியது. பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "மான்பா!" என்று செக்யூரிட்டி அருணாச்சலத்திடம் சொல்லித் தொலைத்தார். அவர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் வனத்துறைக்கு போன் போட்டார். மான் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டால் கம்பெனி மேல் கேஸ் வருமாம். அதனால் மான் பிடிபடும்வரை கேட் திறக்காது.

"என்ன மட்டும் உட்டுருப்பா. தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்கு காது குத்து" என்றார் பூவராகவன் அருணாச்சலத்திடம்.

"நீ எப்டிப் போவ? மொதல்ல பாத்தவனே நீதான். ஆபீசர் வந்து கேட்டா நானா பதில் சொல்றது?"

பூவராகவன் தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற சுபாவம். "இன்னொரு ஷிஃப்ட் பாத்துக்கறியா?" என்று நேற்று சூப்பர்வைசர் கேட்டபோதும் அப்படித்தான் ஆட்டினார்.

போன் அடித்தது. தங்கை செண்பகம்.

"கெளம்பிட்டியாணா? பதினோரு மணிக்குள்ள குத்தணும். கொழந்தைய மடியில வச்சிக்கத் தாய்மாமன் வேணும். அம்மனுக்கு ஆடும் நீதான் கொணாரணும். மஞ்சத் தண்ணி ஊத்துனா ஆடு நல்லா சிலுப்பணும். சிலுப்பலன்னா அம்மா உத்தரவு இல்லன்னு பூசாரி காது குத்த உடமாட்டாரு. துடியான ஆடா கொண்டா."

"சரிம்மா."

"போன வருசம் நாங்க புது ஊடு குடி போனப்பயும் இதே 'சரிம்மா'தான் சொன்ன. வரல. இன்னிக்கும் வரலன்னா எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சிக்கறேன்."

போன் துண்டானது. ஒரே தங்கை.

ஆடு வாங்கும் பொறுப்பை அவர் தன்னோடு உலையில் நிற்கும் நண்பன் பென்னியிடம் விட்டிருந்தார்.

"ஆடு இன்னாச்சி?"

"ரெடி மச்சான். போறப்ப புடிச்சிகினு போலாம். இப்ப மான வெரட்டுவோம் வா. பின்னால செவுரு இடிஞ்சி கெடக்குதுல்ல, அந்தாண்ட ஓட்டிட்டா கேட்டத் தொறந்துருவானுங்க. எங்க மாமனாரு அந்தக் காலத்துல மான் வேட்டைக்குப் போனவரு."

"நீ போயிருக்கியா?"

"கதை கேட்ருக்கேன்."

பென்னி காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டே குவியலைச் சுற்றி வந்தான். பழுப்பாக ஒன்று பாய்ந்தது. ஆனால் சுவர்ப் பக்கம் இல்லை, நேர் எதிரே, கம்பி குடோனுக்குள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரிகளை நிறுத்தினார்கள். டிரைவர்கள் திட்டினார்கள்.

"தீனி வச்சி இழுப்போம்" என்ற பூவராகவன், மிச்சமிருந்த இரண்டு சப்பாத்தியைப் பிய்த்து குடோனிலிருந்து சுவர்வரை போட்டார். மான் வரவில்லை. கம்பெனியின் ஐந்து நாய்களும் வந்தன. சப்பாத்தியை முடித்துவிட்டு குடோனுக்குள் நுழைந்து, அங்கிருந்ததை உலைக் கொட்டகைக்குத் துரத்தின. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு உலையை அணைத்து, மின்சாரத்தையும் நிறுத்தினார். இப்போது வேலை முடித்தவர்கள் வெளியே போக முடியவில்லை, வேலைக்கு வந்தவர்கள் உள்ளே வர முடியவில்லை. எல்லாரும் பூவராகவனையே பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்கு வனத்துறை அதிகாரி துர்காதேவி மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யாரு மொதல்ல பாத்தது?"

பத்து விரல்கள் பூவராகவனைக் காட்டின.

"கொம்பு இருந்துச்சா?"

"சின்னதா இருந்துச்சி மேடம். இனிமே வளரும்னு நெனைக்கறேன்."

துர்காதேவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இருட்டுக் கொட்டகையின் வாசலில் குறி வைத்துக் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து மூலையில் ஏதோ அசைந்தது. சுட்டார். தொப்பென்று விழும் சத்தம். டார்ச்சோடு உள்ளே போனார்.

"யோவ்! மானுக்கு மஞ்சக் கயிறு கட்டி வேப்பிலை சொருகினது யாருய்யா?"

பென்னி நாக்கைக் கடித்துக்கொண்டான். "மச்சான், ஊட்ல ஆடு கட்ட ஹவுஸ் ஓனர் உடமாட்டேன்னாரு. நான்தான் நேத்து கொணாந்து அந்தக் குவியலாண்ட கட்டுனேன். கயித்த அறுத்துகிச்சி போல."

"அப்ப எதுக்குடா கூடச் சேந்து வெரட்டுன?"

"மான் சுத்துதுன்னியே. நம்ம ஆட்ட முட்டிடப் போவுதுன்னு பயம்."

கோபப்படவும் பூவராகவனிடம் தெம்பு இல்லை. "எப்ப மேடம் முழிக்கும்?"

"மத்தியானம் ஆயிடும்."

பதினொன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷேர் ஆட்டோ, மீஞ்சூரைத் தாண்டி அம்மன் கோயில் வாசலில் நின்றது. அண்ணனைப் பார்த்ததும் செண்பகத்தின் முகம் மலர்ந்தது. அவரும் பென்னியும் ஆளுக்கு இரண்டு காலாகத் தூக்கி வந்த ஆட்டைப் பார்த்ததும் வாடியது.

"இன்னாணா, செத்த ஆட்டக் கொணாந்துகீற?"

"தூங்குதும்மா."

பாயில் உட்கார்ந்து ஐந்து வயது பூமிகாவை மடியில் வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே ஆட்டைக் கிடத்தினார்கள். பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஆடு குறட்டை விட்டது. இரண்டாவது சொம்புக்கு ஒரு காது லேசாக ஆடியது. காது கணக்கில் வராது என்றார் பூசாரி. மூன்றாவதற்கு அதுவும் இல்லை.

"அம்மாவுக்கு எம்மேல இன்னா கோவமோ" என்று செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பூவராகவன் நினைத்தார். என்ன சொல்லலாம் என்று யோசிக்கும்போதே, உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.

பூசாரி கண்களை இறுக மூடி அம்மனைக் கும்பிட்டு, ஒரு குடம் தண்ணீரையும் மொத்தமாக வீசினார். பாதி ஆட்டின் மேல் விழுந்தது. பாதி தாய்மாமன் மேல்.

திடுக்கிட்டு விழித்த பூவராகவன், தலையிலிருந்து இடுப்புவரை ஒரு சிலுப்பு சிலுப்பினார். தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. பூசாரியின் முகத்திலும் பட்டது.

"உத்தரவாயிடுச்சி!" என்று கண் திறக்காமலே கத்தினார் பூசாரி. பம்பை முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். கத்தியோடு ஒருவர் முன்னால் வந்தார்.

பூமிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தாள். பிறகு மாமனை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, ஆடு தூங்கிகினேதான் கீது. சிலுப்புனது மாமா. அப்ப மாமாவயா வெட்டுவாங்க?"