புகையுருண்டை வாங்கிய கீரி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் சும்மா இருந்தது. சிங்கம் சும்மா இருக்கிற வரைக்கும் எந்தக் காட்டுக்கும் ஒரு குறையும் வராது. ஆனால் சுற்றுலா வந்த யாரோ ஒரு புண்ணியவான் தன் கைபேசியைப் புதரோரம் தவறவிட்டுப் போக, அது போயும் போயும் மகாராஜா கேசரிவர்மனின் காலில் இடறியது.

கைபேசிக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. புல்லுக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். விநோதமான பிராணிகள் எதிரே வரும். கண்ணும் கண்ணும் பட்டால் சண்டை. நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். தோற்ற பிராணியை ஓர் உருண்டைக்குள் பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். ராஜா சோறு தண்ணீர் இல்லாமல் விளையாடினார். ராணி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. கடைசியில் சார்ஜ் தீர்ந்து கைபேசி கண்ணை மூடியது. ராஜா குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் காட்டையே கூட்டினார். அரசர்கள் அழுது முடித்தவுடன் கூட்டும் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது, ஆனால் போகாமல் இருக்க முடியுமா?

"இனிமே இந்தக் காடுதான் விளையாட்டு," என்றார் ராஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "யாரும் யாரும் கண்ணுக்குக் கண் பார்த்தா சண்டை போட்டே ஆகணும். ஒருத்தன் முறை முடியாம இன்னொருத்தன் மீசையைக்கூட அசைக்கக் கூடாது. தோத்தவன் என் பானைக்குள்ள."

மான் எப்படிப் பானைக்குள் போகும் என்று கேட்காதீர்கள். யானையே போயிருக்கிறது. சட்டம் என்று வந்துவிட்டால் எதுவும் எதற்குள்ளும் போகும். போனவர்களை ராஜா எடுத்துப் பார்ப்பாரா என்றால் அதுவும் இல்லை. புதிதாக ஒன்று கிடைத்ததும் பழையதை அலமாரியில் தள்ளிவிட்டு மறந்துபோவார்.

சண்டைக்குச் சண்டை நடப்பதை உரக்கச் சொல்ல கோமளா என்ற மைனாவை நியமித்தார்கள். அவள் சொன்னால்தான் அடி அடி. அவள் சொல்லாத அடி வலித்தாலும் கணக்கில் வராது.

அன்றிலிருந்து காட்டில் எல்லோரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். மரத்தில் முட்டி நெற்றி வீங்காத ஜீவன் இல்லை. காதலர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு காதலித்தார்கள். ஆந்தைகள் பாடுதான் திண்டாட்டம். அவற்றால் கண்ணைச் சுருக்கவே முடியவில்லை, கூட்டம் கூட்டமாகப் பானைக்குள் போய்ச் சேர்ந்தன.

இந்தக் காட்டில்தான் ரணசூரன் என்ற கீரி இருந்தான். பெயர் அப்பா வைத்தது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கீரி என்றாலே பாம்பின் மேல் பாயும் என்று உலகம் நம்புகிறது. ரணசூரனுக்குப் பாம்பு வேண்டாம், புடலங்காயைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: பானைக்குள் போகாமல் இருக்க வேண்டும். இருட்டு, மூடி, யாரும் திறந்து பார்க்காத அலமாரி என்று நினைத்தாலே அவனுக்கு வால் முடி குத்திட்டு நிற்கும்.

முதல் சண்டை ஒரு முயலோடு வாய்த்தது. தன் முறை வந்ததும் ரணசூரன் யோசிக்கவே இல்லை, திரும்பி ஓட்டம் பிடித்தான்.

"கீரி ஓடப் பார்த்தது!" என்று கோமளா கிளையிலிருந்து கத்தினாள். "ஆனால் ஓட முடியவில்லை!"

"ஓடிட்டேனே! பாருங்க, இங்க இருக்கேன்!" என்று தூரத்திலிருந்து ரணசூரன் கூவினான்.

"தப்பிக்கிற சாமான் ஏதும் போடாம ஓடினா ஓட்டம் செல்லாது. திரும்பி வந்து நில்லு."

வந்து நின்றான். முயல் விட்ட உதையில் பூமி இரண்டு முறை சுற்றியது. நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கோமளா இறகு நனையக் கூடாதென்று பொந்துக்குள் போய்விட, ஆட்டம் ரத்தானது. ரணசூரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராகக் கஸ்தூரியின் கடைக்குப் போனான்.

கஸ்தூரி ஒரு புனுகுப்பூனை. தப்பியோடும் சாமான்கள் விற்க அந்தக் காட்டில் உரிமம் பெற்ற ஒரே கடை அவளுடையது. வாசலில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. வரிசையில் கண் பட்டுச் சண்டை வந்துவிடாமல் இருக்க எல்லோரும் முன்னால் நிற்பவரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நியாய விலைக் கடையில் நின்று பழகியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

"அக்கா, எனக்கு ஓடணும்," என்றான் ரணசூரன்.

"எல்லாருக்கும்தான் தம்பி ஓடணும். என்ன மாதிரி ஓட்டம்?" என்றாள் கஸ்தூரி. "இது பஞ்சு பொம்மை. தூக்கிப் போட்டா எதிரி அதைக் கொஞ்சிக்கிட்டு நிப்பான், நீ நடந்தே போகலாம். இது புகையுருண்டை. போட்டா ஒரே புகை, ஒரே நாத்தம். என் சொந்தத் தயாரிப்பு. யார் ஓடினான், எந்தப் பக்கம் ஓடினான்னு கடவுளுக்கே தெரியாது."

"ரெண்டுலயும் குடுங்கக்கா. இடுப்புல கட்டுற அளவுக்குக் குடுங்க."

வீட்டில் சேர்த்து வைத்திருந்த ஈச்சம்பழம் முழுவதையும் கொட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அப்புறம் அவனுக்கு வாழ்க்கை இனித்தது. முயலிடமிருந்து ஓடினான், ஓணானிடமிருந்து ஓடினான். காட்டுப்பன்றிக்குப் பொம்மையைப் போட்டான். பன்றி அதற்குப் பெயர் வைத்து மடியில் போட்டுத் தாலாட்டியது. ஓர் ஆமையிடமிருந்து புகை போட்டு ஓடியதுதான் கொஞ்சம் அதிகப்படி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே. பேசுகிறவர்களில் பாதிப் பேர் பானைக்குள் இருந்தார்கள், அவன் வெளியே இருந்தான்.

ஒருநாள் ஓடை வளைவில் திரும்பும்போது, நாகபூஷணம் என்ற நல்லபாம்பின் கண்ணும் அவன் கண்ணும் நேருக்கு நேர் பட்டன.

காடே திரண்டுவிட்டது. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை என்றால் சும்மாவா? கிளைக்குக் கிளை குரங்குகள், நடுவில் கடலை வியாபாரம் வேறு. கோமளா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பூஷணம் படத்தை விரித்தார். விரித்த படம் வெடவெடவென்று ஆடியது. கோபம் என்று கூட்டம் கைதட்டியது. ரணசூரனின் பல் தந்தியடித்தது. வெறி என்று மறுபடி கைதட்டியது.

அடுத்த கணம் இரண்டு புகையுருண்டைகள் ஒரே நேரத்தில் வெடித்தன. நாற்றத்தில் குரங்குகள் கிளையிலிருந்து உதிர்ந்தன. ரணசூரன் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, கையில் தட்டுப்பட்ட முதல் புற்றுக்குள் புகுந்தான்.

"யோவ்," என்றது இருட்டுக்குள் ஒரு குரல். "இது என் வீடு."

"ஐயோ அண்ணே! புகையில தெரியல, மன்னிச்சுக்குங்க!"

"அடிச்சிராதப்பா. எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும்."

"எனக்கு உங்களைப் பார்த்தாலே வருதுண்ணே!"

பூஷணம்தான் முதலில் சிரித்தார். ரணசூரன் தொற்றிக்கொண்டான். புற்று மண் உதிரும்படி சிரித்து, சிரிப்பு எங்கோ தடம் மாறி, ரணசூரன் விக்கி விக்கி அழத் தொடங்கினான்.

"நான் பயந்தாங்கொள்ளிண்ணே. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். எங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

"அட, இதுக்கா அழுவுற? நான் முட்டையையே வேகவச்சுத்தான்டா சாப்பிடறேன்."

அப்படியொரு சிநேகம் அந்தக் காடு பார்த்ததில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அருகருகே உட்கார்ந்து ஓடையைப் பார்த்தபடி பேசிப் பேசிப் பொழுதைக் கழித்தார்கள். தன்னைத் தெரிந்த ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதே ரணசூரனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை, பூஷணம் ஓடைக்குக் குளிக்கப் போன இடத்தில் மகாராஜாவே எதிரில் வந்து நின்றார். பூஷணம் உருண்டையை வீசினார். அது நமுத்துப்போயிருந்தது. புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதருக்குப் பின்னால் ரணசூரன் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் காய்ந்த உருண்டை ஒன்று இருந்தது. வீசினால் போதும். பூஷணம் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரணசூரன் தலையைக் குனிந்துகொண்டான். கண் பட்டால் சண்டையாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ராஜா ஒரு தட்டுத் தட்டினார். பானை மூடிக்கொண்டது.

ரணசூரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அண்ணே, உன்னை எப்படியாவது வெளிய கொண்டாந்துருவேன்," என்று வெற்றுப் புற்றின் முன்னால் நின்று சத்தியம் செய்தான். உண்மையாகத்தான் செய்தான். அந்தக் கடைசி உருண்டையை மறுநாளே ஓர் அணிலிடம் வீணாக்கினான்.

புதிது வாங்கக் கடைக்கு ஓடினால் அலமாரி காலி.

"அத்தனையும் அரண்மனைக்குப் போயிடுச்சு தம்பி," என்றாள் கஸ்தூரி. "மொத்தமா வாங்கிட்டாங்க. பொம்மையைக்கூட விடல."

"ராஜாவுக்கு எதுக்குக்கா ஓடுற சாமான்?"

"விக்கிறதுதான் என் வேலை. ஏன்னு கேக்குறது இல்ல."

வெறும் இடுப்போடு வெளியே வந்தவன் எதிரே ராஜா. கண் பட்டுவிட்டது. ஓடத் தோன்றினாலும் சாமான் இல்லை. கூட்டம் கூடிவிட்டது. ராஜாவின் பின்னால் காவலர்கள் காலிப் பானையையும், சாமான்கள் நிறைந்த ராஜாவின் பையையும் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"மகாராஜா கர்ஜித்தார்!" என்றாள் கோமளா. கர்ஜித்தார்தான். ரணசூரனின் காது மடல் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. "இப்போது கீரியின் முறை!"

ரணசூரனின் கால் அசையவில்லை. கை அசையவில்லை. அடித்தால் ராஜா திருப்பி அடிப்பார், பானை. ஓடினால் செல்லாது, பானை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ராஜாவும் காத்திருந்தார். அவன் முறை முடியாமல் மீசையைக்கூட அசைக்கக் கூடாதே.

"சீக்கிரம் ஆகட்டும்டா."

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன் ராஜா."

ராஜாவின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மூக்கைச் சுளிக்கப் போனவரைக் கோமளா "முறை! முறை!" என்று அதட்டினாள். ஈ தன் சுற்றத்தாரையும் அழைத்து வந்தது. வெயில் ஏறியது. அரண்மனைப் பக்கமிருந்து மதியச் சாப்பாட்டு வாசனை மிதந்து வந்தது. ராஜாவின் வயிறு அவருக்கு முன்னால் கர்ஜித்தது. அதுவும் முறைதவறல்தான் என்று சிலர் ஆட்சேபித்தார்கள்.

"கோமளா, இவனுக்கு நேரக் கெடு எதுவும் கிடையாதா?"

"நீங்க போட்ட சட்டத்துல இல்லையே ராஜா. கைபேசியில எப்படி?"

ராஜா யோசித்துப் பார்த்தார். கைபேசியிலும் இல்லை. அவர் நடுவில் கண்ணயர்ந்து எழுந்தாலும் அது அவருக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரே அடியில் இந்தக் கீரியைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் முறை தவறினால் அது விளையாட்டே இல்லையே! அவர் கண் கலங்கியது. பாவம், அந்தக் காட்டில் சட்டத்தை மனசார நம்பிய ஒரே ஜீவன் அவர்தான்.

கடைசியில் பசி ஜெயித்தது. அடிப்பதற்குத்தான் முறை, சாமான் போட்டு ஓடுவதற்கு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு ராஜா பைக்குள் கை விட்டார். ஒன்று எடுக்கப் போனவர் பதற்றத்தில் பையையே கவிழ்த்துவிட்டார். கஸ்தூரி கடையின் மொத்தச் சரக்கும் ஒருசேர வெடித்தது. புகை விலகியபோது ஏழெட்டுப் பஞ்சு பொம்மைகள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"மகாராஜா பத்திரமாகத் தப்பி ஓடிவிட்டார்!" என்று இருமலுக்கு நடுவே கோமளா அறிவித்தாள்.

ஓடியவர் நிற்கவே இல்லை. எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு காட்டில் சார்ஜர் கிடைக்கிறதாம், அங்கே சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி. இங்கே கூட்டம் பித்துப் பிடித்துக் குதித்தது. ஒரு அடி அடிக்காமல் சிங்கத்தை ஓடவைத்த வீரன்! என்ன நெஞ்சழுத்தம், என்ன தந்திரம்! ரணசூரனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். பெரிய நாற்காலி, கால் எட்டவில்லை. இருந்தாலும் மெத்தென்று இருந்தது.

"ராஜா, பானைகளைத் திறந்துருங்க!" என்று கூட்டம் கூவியது.

ரணசூரன் துள்ளிக் குதித்து அலமாரிக்கு ஓடினான். ஓடையில் பூஷணத்தை அடைத்த பானை எது என்று அவனுக்குத் தெரியும். மூடியில் கை வைத்தான்.

"டேய் ரணா, நீயா?" என்றது உள்ளேயிருந்து பூஷணத்தின் குரல். சந்தோஷத்தில் தழுதழுத்தது. "நீ ராஜாவா? சிங்கத்தையா ஓடவச்ச? டேய், புடலங்காய்க்குப் பயப்படுறவன்டா நீ! தெறடா சீக்கிரம், எனக்குச் சிரிப்பு தாங்கல, எல்லார்கிட்டயும் சொல்லணும்!"

ரணசூரனின் கை மூடியிலேயே நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தான். காடு முழுவதும் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ரணா? கேக்குதா?"

ரணசூரன் மூடியை மெல்லத் தட்டிக் கொடுத்தான். அது இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டது.

"யோசிச்சுச் சொல்றேன்ணே," என்றான்.

"மகாராஜா யோசிக்கிறார்!" என்று கோமளா முழங்கினாள். காடு கைதட்டியது.

நீதி: வீரன் அடிப்பான், கோழை ஓடுவான், நாடாளப் பிறந்தவன் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஆகவே குழந்தைகளே, உங்கள் பயத்தை யாரிடமாவது சொல்லி அழுவதாக இருந்தால், முதலில் ஒரு நல்ல பானையும் அதற்குப் பொருத்தமான மூடியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.