மாப்பிள்ளை அழைப்பும் புகை வால்வும்

உத்திரமேரூர்
தை மாதம், 2009

குவைத்தில் வண்டி ஓட்டும் மச்சான் முத்துவேலுக்கு, உன் அக்கா புருஷன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா சொக்கம்மாளும், புதுசாகத் தாலி ஏறிய நம்ம மக கனகாவும், கறவை மாடும் சுகம். அங்கே நீயும் உன் முதலாளியின் ஒட்டகமும் சுகந்தானே?

போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிடும். அதனால்தான் கடிதம். உன் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆச்சு, சரியாகியும் போச்சு.

தாய்மாமன் நீ வராத குறைக்கு உன் காரிலாவது மாப்பிள்ளையை அழைத்து வரலாம் என்று விடியற்காலையிலேயே மானாம்பதிக்குப் போனேன். அவங்க ஜனமெல்லாம் வேனில் முன்னாடியே கிளம்பிவிட, மாப்பிள்ளை கலைச்செல்வனைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் திருப்புட்குழி கோயிலுக்குக் கிளம்பினேன். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. காவாந்தண்டலம் தாண்டியதும் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுவை போச்சு, எவ்வளவு மிதித்தாலும் இருபதைத் தாண்டவில்லை, பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பொம்பளை மணியடித்து ஒதுங்கச் சொன்னாள். மெக்கானிக் ஜமீருக்குப் போன் போட்டேன். ஓடிவந்தவர் சின்னப் பொட்டி ஒன்றை மாட்டிப் பார்த்து, புகை போகிற வால்வை ஆட்டிவைக்கும் கரண்டு லைனில் கோளாறு என்றார். வால்வையே மாற்றித் தொலை என்றேன்.

"பொட்டி லைனைத்தான் சொல்து, வால்வைச் சொல்லலண்ணே. கொஞ்சம் கம்முனு இரு."

பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்தார், வால்வு 'டக்'கென்றது. நல்ல வால்வு. பியூஸும் நல்லது. அப்புறம் மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை ஜாண் ஜாணாகப் பார்க்கிறார், மணி எட்டு ஆகிறது, நான் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கடைசியில் வால்வு சாக்கெட்டைப் பிடுங்கினார். உள்ளே காய்ந்த சந்தனம், குங்குமம், பச்சைக் களிம்பு பிடித்த கம்பி.

"இங்க யாருண்ணே பொட்டு வெச்சது?"

ஆயுத பூஜைக்கு உன் வண்டியில் ஒரு இடம் விட்டுப்போனாலும் நீ கோவிப்பாயே என்று, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பொட்டு வைத்தவன் நான்தான். ஜமீர் பல் பிரஷ்ஷால் பெட்ரோல் விட்டுத் தேய்த்து மாட்டினார், விளக்கு அணைந்தது. எட்டேகாலுக்குப் பறந்தேன். மாப்பிள்ளை முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. "கெட்டியா புடிச்சிக்கோ மாப்ள" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது.

நீ தீர்க்காயுசாக இருந்து, சீக்கிரம் ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமன் முனிரத்தினம்

பி.கு.: இதுவரை படிக்கக் கேட்ட உன் அக்கா, கடல் தாண்டுகிற காகிதத்தில் பாதியை மறைக்காதே என்கிறாள். ஜமீர் ஒயர் பார்க்கும்போதே மாப்பிள்ளை, "பால் வண்டில போறேன் மாமா" என்று சொன்னாராம், நானும் 'உம்' கொட்டினேனாம். கோயிலில் பின்கதவைத் திறந்தால் காலி சீட்டு. எட்டே முக்கால் வரை எனக்காக வாசலையே பார்த்திருந்த கனகாவை என் அண்ணன் கிருஷ்ணசாமிதான் தாரை வார்த்துக் கொடுத்தாராம். கழுத்தில் ஈரத் தாலிக்கயிறோடு அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நைனா, யார அம்மாம் வேகமா இட்டுக்கினு வந்த?"