தேர்வுத் தேர்வுக் குழு

அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்களுக்கு ஒரே ஒரு கோடைக்காலம் போதுமாயிருந்தது. அவசரக்காரர்கள். மில்வாக்கி நகர நூலகத்தின் கூட்ட அறையில் கூடிய எங்கள் குழு அவர்களைவிடப் பொறுப்பு மிக்கது. ஒரு கோடைக்காலம் முழுக்கக் கூடி, நாங்கள் எதையுமே முடிக்கவில்லை.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நாங்கள் எந்த மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகுவது என்று தேர்ந்தெடுக்க எழுந்த குழு அது. பெயர், 'மாதிரித் தேர்வுத் தேர்வுக் குழு'. தலைவர் நார்பர்ட் க்ரூகர், காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களை ஆராய்பவர். ஒரு மனு அவர் மேஜைக்குப் போனால் கூரை ஒழுகியவர் புதுக் கூரை போட்டு அதுவும் ஒழுகிய பிறகுதான் வெளியே வரும் என்பார்கள். இப்படிப்பட்ட நிதானஸ்தர் எங்களுக்கு வாய்த்தது பாக்கியம். உறுப்பினர்கள் இருவர்: பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த ரோவீனா டக்கர்.

ரோவீனாவிடம் ஒரு குறை இருந்தது. அவளுக்கு வழக்கறிஞர் ஆக வேண்டும். அவளுடைய அக்கா குடும்பத்தை வாடகை வீட்டிலிருந்து அதன் உரிமையாளர் வெளியேற்றியபோது நீதிமன்றத்தில் அவர் பக்கம் வக்கீல் இருந்தார், அக்கா பக்கம் கைக்குழந்தைதான் இருந்தது. காபி ஆறுவதற்குள் தீர்ப்பாகிவிட்டதாம். அந்த அறையில் அக்கா மாதிரி ஆட்களுக்குப் பக்கத்தில் தான் நிற்க வேண்டும் என்றாள். இப்படிக் குறிக்கோளோடு வருகிறவர்களால் குழுக்களுக்கு எப்போதுமே தொல்லை.

நார்பர்ட்டின் கொள்கை தெளிவானது. பழைய மாதிரித் தேர்வுகளில் இப்போது கைவிடப்பட்ட புதிர்ப் பகுதி இருப்பதால் அவை கூடாது. தனியார் பயிற்சி நிலையங்கள் தாமே தயாரித்தவை அசலின் வாசனை மட்டும் உள்ளவை. ஆகவே அவையும் கூடாது. முன்பு நடந்து அண்மையில் வெளியிடப்பட்ட அசல் தேர்வுகள் மிக உயர்ந்தவை, விலைமதிப்பற்றவை, ஆகவே அவற்றைத் தொடவே கூடாது. கடைசி மாதத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டும். மீதி எதுவோ அதை எழுதலாம். மீதி எது என்பதைத்தான் வாராவாரம் சீஸ் கட்டிகளைக் கொறித்தபடி ஆராய்ந்தோம்.

ஒரு வியாழக்கிழமை ரோவீனா வந்து, ஆகப் புதிய தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதிவிட்டதாகச் சொன்னாள். மதிப்பெண் படுமோசம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததுதான் எங்களால் தாங்க முடியவில்லை. தான் எங்கெங்கே தவறினோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

நார்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதாம இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு. வீணாக்கிட்டியே."

"நான் என்ன, ஃப்ரிட்ஜ்ல இருந்த உங்க பாலையா குடிச்சேன்?" என்றாள் ரோவீனா. "பரீட்சையத்தானே எழுதினேன்."

'பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய' குற்றத்துக்காக அவள் நீக்கப்பட்டாள். நானும் கை தூக்கினேன். ஒருமனதான தீர்மானம் என்பது எவ்வளவு அழகானது.

இலையுதிர்காலத்தில் தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் வந்தது. மாதிரித் தேர்வுகளே முடிவாகாதபோது உண்மைத் தேர்வுக்குப் பதிவு செய்வது ஒழுங்கீனம் என்று தலைவர் கருதினார். நாங்கள் பதிவு செய்யவில்லை. ரோவீனா பழையது, புதியது, போலி எல்லாவற்றையும் எழுதித் தள்ளி, ஒவ்வொரு தவறும் ஏன் நேர்ந்தது என்று தோண்டிப் பார்த்துவிட்டு, உண்மைத் தேர்வையும் எழுதினாள். பனி உருகும் பருவத்தில் அவளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

சொல்லிவிட்டுப் போக வந்தாள். தவறான வரிசையில் எழுதியும் இடம் கிடைத்தது அபூர்வமான அதிர்ஷ்டம் என்று நார்பர்ட் அவளைப் பெருந்தன்மையோடு பாராட்டினார். வாசல்வரை நான் கூடப் போனேன்.

"ஒரு தடவ உக்காந்து மோசமாத்தான் எழுதிப் பாரேன்பா," என்றாள். "ஒண்ணும் ஆகாது. மறுநாளும் வேலைக்குப் போகலாம்."

உள்ளே திரும்பி, ஒரே ஒரு கேள்வியையாவது பார்ப்போமே என்று தலைவரைக் கெஞ்சினேன். அவர் மடிக்கணினியைத் திறந்தார். கேள்வியைப் படித்தார். மறுபடி படித்தார், உதடுகள் அசைந்தன. மற்றவர்களின் மனுக்களை இத்தனை காலம் ஆராய்ந்த அந்த விரல், விடைகளின் மேல் ஏறி இறங்கி அலைந்ததைப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை அழுத்தினார். தவறு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணினியை மெதுவாக மூடினார்.

"இந்தக் கேள்வித்தாள் தரமில்ல," என்றார். "நீக்கிடு."

நீக்கினேன். பிறகும் அவ்வப்போது ஒவ்வொன்றாகத் தரம் பார்த்து நீக்கிக்கொண்டே வந்ததில், இப்போது எழுதுவதற்கு ஒரு தேர்வும் மிச்சமில்லை. குழு மட்டும் திடமாக இருக்கிறது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புதியவர்கள் பயத்தோடு வந்து சேர்கிறார்கள். பயம் தெளிந்து இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை வரவேற்று நார்பர்ட் ஆற்றும் உரையில் ஒரு பெருமையை மறக்காமல் சொல்வார். அதை எந்தப் பயிற்சி நிலையமும் மறுக்க முடியாது, நானே சாட்சி.

எங்கள் குழுவில் இருந்துகொண்டு தேர்வில் தோற்றவர் இன்றுவரை ஒருவர்கூடக் கிடையாது.