முடியைக் கொஞ்சம் குறை

“சனிக்கிழமை நேர்லயே வர்றோம் தம்பி. ஃபிளைட் டிக்கெட் போட்டாச்சு” என்று டூங்கபியிலிருந்து நாகலட்சுமி அம்மாள் போனில் சொன்னபோது, ஒன்றரை மணி நேர விமானத் தூரத்தில், வெரிபீயில் தன் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த சுதர்சன் பேஸ்ட் நுரையை விழுங்கிவிட்டான்.

அந்த அம்மாளின் மகள் யாமினியை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணப் பேச்சு தொடங்கி இரண்டு வாரமாகப் போனில் பேசுகிறார்கள். அவன் அடிக்கும் ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிக்கும் முதல் பெண். வீடியோ காலுக்குத்தான் அவன் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் நெட் சரியில்லையாம். சொல்பவன் நெட்வொர்க் இன்ஜினியர்.

எல்லாம் அவன் அனுப்பிவைத்த போட்டோவால் வந்த வினை.

ஆபீசில் பக்கத்து இருக்கை ஜியாவென், செங்டூ ஊர்ச் சீனப் பெண். அவள் தோழிகளுக்குள் ஒரு மரியாதை உண்டு: சேர்ந்து எடுத்த படத்தைத் திருத்தாமல் வெளியிட்டால் அது அவமதிப்பு. பதினோரு பேர் சாப்பிடப் போனால் தாடைகளைச் சீவி, கன்னங்களை வெளுத்து, படம் குரூப்புக்கு வருவதற்குள் அடுத்த சாப்பாடே வந்துவிடும். அவளோ மீட்டிங்கில் ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை.

சுதர்சனின் பிறந்தநாளன்று இருவரும் சேர்ந்து நின்ற படத்தோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, அவனை மட்டும் வெட்டி அனுப்பினாள். அதில் ஓர் அழகன் இருந்தான். காலை ஆறரை மணிக் குளியலறைக் கண்ணாடியில் அப்படி யாரையும் சுதர்சன் பார்த்ததில்லை. இருந்தாலும் யாமினிக்கு அனுப்பிவிட்டான்.

“ஜியா, முடியைக் கொஞ்சம் குறை” என்று அந்தப் படத்தைக் காட்டித் திங்கட்கிழமை ஆபீசில் கெஞ்சினான்.

“குறைக்கணுமா? என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

“தினம் ஒரு படம், கொஞ்சம் கொஞ்சமா. சனிக்கிழமைக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணு பழகிடணும்.”

“உங்க கல்யாண வழக்கமா இது?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்.”

கண்ணாடியில் தெரிபவனை நோக்கி, அன்றைக்குப் படத்தில் நெற்றி ஒரு விரல் ஏறியது. செவ்வாயன்று கருவளையம். புதனன்று தொப்பை. ஜியாவென் வேலையில் சுத்தம். தொப்பைக்குத் தக்கபடி சட்டைப் பொத்தானையும் இழுத்துப் பிடிக்கவைத்தாள்.

“தம்பி, உடம்புக்கு என்ன?” என்று நாகலட்சுமி பதறினாள்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வெளிச்சம் சரியில்ல.”

“வெளிச்சத்துல தொப்பை போடுமா? தைராய்டு பாருங்க முதல்ல.”

பயந்துபோனவன், வியாழனன்று ஆரோக்கியமாகத் தெரியக் கன்னத்தில் சிவப்பு ஏற்றச் சொன்னான். படம் போன பத்தாவது நிமிடம் போன் அடித்தது.

“காய்ச்சலா தம்பி? எத்தனை டிகிரி? எந்திரிக்காதீங்க. நாங்களே கஞ்சி வெச்சு எடுத்துட்டு வர்றோம்.”

சனிக்கிழமை கதவைத் திறந்தான். பிளாஸ்க்கோடு நாகலட்சுமி, பின்னால் யாமினி.

“நீங்க அவரோட ரூம்மேட்டா? சுதர்சன் எங்க, படுத்திருக்காரா?”

“நான்தான் ஆன்ட்டி சுதர்சன்.”

யாமினி போனில் இருந்த வியாழக்கிழமைப் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இது யாரு?”

இனி மறைக்க வழியில்லை. “அதுதாங்க நிஜமான நான். முதல்ல அனுப்புனதுதான் எடிட் பண்ணது. என் மூஞ்சியப் பாத்துட்டுப் பேசறதை நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

“முதல் படத்துல அப்படியே நீங்கதான் இருக்கீங்க. வீட்ல கண்ணாடி இல்லையா?”

“ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“அந்த வியாழக்கிழமை மூஞ்சியப் பாத்துமே டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாம வந்திருக்கேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

அப்போதும் அவன் நம்பவில்லை. ஜியாவெனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். “ஜியா, என் பிறந்தநாள் படத்துல நீ என்னென்ன மாத்துனேன்னு இவங்ககிட்டச் சொல்லிடு. ஒண்ணையும் மறைக்காதே.”



“உன்னை நான் தொடவே இல்லையே சுதர்சன். அந்த நாற்பது நிமிஷமும் பக்கத்துல நின்ன என்னைத்தான் சரிபண்ணிட்டிருந்தேன்.”