ஒன்பது பேர் பட்டறையும் சைரன்காரரும்

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிற என்னை மாதிரி முதலாளிகளில் பாதிப்பேருக்கு பிரஷர் ஏறியதே சைரன்காரரால்தான். மீதிப்பேர் இன்னும் செக் பண்ணிப் பார்க்கவில்லை.

பல வருசம் ஆம்புலன்ஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நிஜப் பேர் என்னவோ, யாருக்கும் தெரியாது. மொபெட்டில் தெருமுனை திரும்பும்போதே வாயால் ஊளையிடுவார். "ஊய்ங்... ஊய்ங்..." அதைக் கேட்டாலே நான் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கு யாருக்கு என்ன ஆகப்போகிறதோ!

"ஏனுங்க மொதலாளி, ஆளுகளோட ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாச்சும் போட்டு வெச்சிருக்கறீங்களா?"

"பத்துப்பேர் இருந்தாத்தானுங்க இ.எஸ்.ஐ. கட்டாயம். நம்மகிட்ட ஒன்பதுதான்."

இதை நான் பெருமையாகவே சொல்வேன். பத்தாவதாக வேலை கேட்டு வருகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவதில் நான் கில்லாடி.

"ஒன்பது பேரு இருந்தா நெஞ்சுவலி வராதுங்களா?"

சின்னப் பட்டறைக்கென்றே குரூப் பாலிசி இருக்குதுங்க, போய்க் கேளுங்க என்றார். உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டேன்.

"அட போங்க! நான் என்ன ஏஜெண்டா? வண்டியில படுத்திருந்தவங்க சத்தம்கூட மறந்துபோச்சுங்க. பக்கத்துல உக்காந்து, 'அண்ணா, எப்படியாச்சும் பணம் பொரட்டிக் குடுங்கண்ணா'ன்னு ஊரெல்லாம் போன் போடற அம்மணிக சத்தந்தான் தூங்க உடமாட்டேங்குது."

போன ஆயுத பூஜையன்றும் வந்து தொலைத்தார். என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கி, மிஷினையெல்லாம் விட்டுவிட்டு, ஒன்பது பேர் நெற்றியிலும் வரிசையாகப் பொட்டு வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மிஷினுக்குத்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கறீங்களே. இவங்களுக்கு ஒண்ணுமில்லை, பொட்டாச்சும் இருக்கட்டுங்க."

பொரி வாங்க வந்திருந்த, எங்கள் லேத் ஓட்டுகிற ரங்கசாமியின் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆத்திரத்திலேயே மறுவாரம் பாலிசி போட்டேன். இந்த ஆள் தொல்லை விட்டால் போதுமென்றுதான்.

மழைக்காலம்கூட முடியவில்லை. ஒருநாள் காலை ரங்கசாமி லேத்தை நிறுத்திப்போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "கேஸ் டிரபிள்தானுங்க, செரியாப் போயிரும்" என்கிறார், உதடு வெளுத்துக்கிடக்கிறது. அந்தப் பதற்றத்தில், ஆம்புலன்ஸுக்குப் போடவேண்டிய போனை சைரன்காரருக்குப் போட்டுவிட்டேன்.

அவரே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஊளை இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"இன்சூரன்ஸ் கார்டு குடுங்க" என்றார். கொடுத்தேன். கவுன்ட்டருக்கு ஓடினார்.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, இனி பயமில்லை என்றார். உடனே ரங்கசாமியின் சம்சாரம் போனைக் கையில் எடுத்தார். சைரன்காரர் முகம் சுண்டிப்போனது. காதைப் பொத்துகிறவர் மாதிரி கையைத் தூக்கிவிட்டார்.

"கண்ணு, அப்பாவுக்குச் செரியாயிருச்சு சாமி. நீ சாப்புட்டயா?"

அவ்வளவுதான். வேறு யாருக்கும் அந்தம்மா போன் போடவில்லை.

சைரன்காரர் தூணுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கடவுளே, இந்த மனுசன் இன்னும் நூறு வருசம் எங்கள் தெருவில் வந்து ஊளையிடணும்.